ஆரஞ்சுக்குள் ஒரு முகம்

மூன்றாவது தாளையும் கசக்கி மூலையில் எறிந்துவிட்டு, கிறுக்கல் அக்கா தன் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். இனி எல்லாம் இடது கைதான். அதில் ஒரு ஐஸ் குச்சி, நுனி பல்லால் கடித்துப் பிளந்தது. அதைக் கறுப்பு மையில் தோய்த்து, தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு. மை தெறித்துப் பக்கத்து மேசைக்காரரின் டிபன் பாக்ஸ் மூடியில் விழுந்தது. அவர் துடைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். வருஷக்கணக்காக அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர், பாவம்.

"வலது கை பள்ளிக்கூடம் போன கை. அழகா பொய் சொல்லும்" என்பாள் அக்கா, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். "இடது கைக்கு ஒண்ணும் தெரியாது. அதனால அது சொல்றத நம்பலாம்."

வாரப் பத்திரிகை ஒன்றில் பக்கங்களையும் அட்டையையும் வடிவமைப்பது அவள் வேலை. மற்றவர்கள் கம்ப்யூட்டரில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டரிலேயே முடிப்பார்கள். அக்காவுக்கு அது ஆகாது. முதலில் தாள், மை, கைக்குக் கிடைத்த ஏதாவது ஒன்று. பிறகுதான் அதை ஸ்கேன் செய்து பக்கத்தில் ஏற்றுவாள். அவள் மேசை இழுப்பறையைத் திறந்தால் பழைய சாமான் கடையைத் திறந்தது போல இருக்கும்: பல் போன சீப்பு, ஷூ பிரஷ், கருகிய தீக்குச்சிகள், பாதி தேய்ந்த மெழுகுக் கிரேயான்கள், பாத்திரம் தேய்க்கும் நார். விலைவாசிக் கட்டுரைக்கு அந்த நாரைச் சிவப்பில் முக்கித் தலைப்பு முழுக்கத் தேய்த்துவிட்டாள். எழுத்தைப் படிக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். "படட்டும். சம்பளம் போதாதவன் படற கஷ்டத்தவிடவா?" என்றாள்.

நிறம் என்று வந்துவிட்டால் அவளிடம் பேரமே கிடையாது. வெளிறிய நீலம், சாம்பல் கலந்த பச்சை என்றெல்லாம் யாராவது சொன்னால், அவர்களுக்குக் காய்ச்சலா என்று கேட்பாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால், வழியிலுள்ள கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வருவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாள் என்று எழுந்து போனதுண்டு. வீட்டுக்காரர் ஒரு மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவர், சத்தமில்லாத மனிதர். அவருடைய வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஒரு பொட்டு மஞ்சளோ ஊதாவோ இருக்கும். "எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா பேச மாட்டாங்க, சிவப்ப எடுப்பாங்க" என்று மகள் சொல்வாள். பாதி உண்மை. பேசவும் செய்வாள்.

எப்படிப் பேசுவாள் என்பதற்குக் கீழ்த்தளத்து அச்சகத்தில் சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருமுறை அட்டையின் ஓரத்தில் தன் கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்திருந்தாள். அச்சகத்தில் அதைக் கறை என்று நினைத்து, பொறுப்பாக நீக்கிவிட்டு அச்சடித்துவிட்டார்கள். அக்கா மெஷின் ஹாலுக்கு வந்து நின்று கத்திய கத்தலில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தமே கேட்கவில்லை என்பார்கள். மெஷின் ஃபோர்மேன் அன்றைக்கே தன் ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இனிமே அக்கா பக்கத்துல காக்கா எச்சம் போட்டிருந்தாலும் அப்படியே அடிங்க. கேள்வி கேட்டா நம்ம தலைதான் உருளும்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு அதில் பெருமைகூட உண்டு.

இந்த முறை ஐஸ் குச்சி ஓடிக்கொண்டிருந்தது அட்டையில் வரப்போகும் ஒரு தீ விபத்துச் செய்திக்காக. பேட்டரித் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் கூடத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த பெண்கள் சிலர் வெளியே வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, பதற்றத்தில் அவர்கள்தான் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள் என்றது நிர்வாகம். இல்லை, வெளியே பூட்டு போட்டிருந்தார்கள் என்றாள் தப்பித்த ஒருத்தி. பின்பக்கத்து ஜன்னல் வழியாக எகிறிக் குதித்தவள் அவள். தீ அணைந்ததும் ஓடிப்போய் அந்தக் கதவின் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். யாரோ ஒருவர் போனில் அதைப் படம் எடுத்திருந்தார். பூட்டு இருந்தது என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அந்தப் படம். பூட்டை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்றால் முடியாது. அவள் முகம் பூட்டுக்குப் பக்கத்திலேயே, கன்னம் உரசுகிற தூரத்தில் இருந்தது.

அவள் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் அதே கம்பெனியின் வேன் ஓட்டுகிறவன். படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல அலுவலகத்துக்கு வந்தபோது துப்பட்டாவை மூக்குவரை இழுத்து மூடியிருந்தாள். பத்திரிகை ஆசிரியர் அவளை அக்காவிடம் அனுப்பி வைத்தார்.

"கை தெரிஞ்சா பரவால்லக்கா. எல்லாரும் ஒரே மாதிரி கையுறைதான் போட்டிருப்போம். மூஞ்சி மட்டும் வேணாம்" என்றாள். "நான்தான்னு தெரிஞ்சா வேலை போறதோட நிக்காது. பேசுன இன்னொருத்தன் வீட்டுக்குக் கம்பெனி ஆளுங்க போயிருக்காங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"கட்டம் கட்டமா மறைச்சுடலாமே?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அது திருடனுக்குப் போடறது. இவ என்ன திருடினா?" அக்கா அந்தப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்தாள். ஆரஞ்சுக் கிரேயானை இடது கையில் பிடித்து அந்த முகத்தின்மேல் சுற்றிச் சுற்றிக் கிறுக்கினாள். கிறுக்கல் முகத்தை விட்டு வெளியே வழிந்து, பூட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டு நின்றது. அந்தப் பெண் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் தடவையாகத் துப்பட்டா மூக்கை விட்டு இறங்கியது.

"என்னையே எனக்கு அடையாளம் தெரியலக்கா" என்று சிரித்தாள். "நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"நான் பாத்துக்கறேன்மா. நீ நிம்மதியா போ" என்றாள் அக்கா. தன் போன் நம்பரையும் கொடுத்து அனுப்பினாள்.

அப்போதே அக்காவுக்குள் அந்த ஆரஞ்சு புகுந்துகொண்டது. சாதாரண நான்கு மைகளைக் கலந்து வருகிற ஆரஞ்சு வேண்டாம், அது கிழவன் உடுத்துப் பழசான துணி. கண்ணைக் கூசும் தனி ஆரஞ்சு மையை ஐந்தாவதாக மெஷினில் ஏற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் அச்சுக்குப் போகும் நாளில் மட்டும் மனிதராக இருக்க மாட்டார். செலவைச் சொல்லிப் பார்த்தார், நேரத்தைச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "அந்த மையை வாங்கிக் கொடுத்துடறேன், என்னை விடு தாயி" என்று கும்பிட்டார்.

ஆக, கறுப்பு வெள்ளைப் படம், அதன்மேல் கையால் போட்ட ஆரஞ்சு. படத்தை அக்கா தொடவே இல்லை. அவளுக்கு அது ஒரு கொள்கை. "படத்துல கை வைக்க மாட்டேன். அது நடந்தது. நான் அதுக்கு மேலதான் பேசுவேன்" என்பாள். பூட்டைச் சுற்றிய வளையத்தில் கறுப்பும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கினால் துருப் பிடித்தது போல அழகாக வரும் என்று தோன்றியது. அதனால், வழக்கம்போல அடியிலிருக்கும் கறுப்பை விலக்காமல், ஆரஞ்சு படத்தின் மேலேயே அச்சாகும்படி கம்ப்யூட்டரில் குறித்துவிட்டாள். வளையத்துக்காகச் செய்தது அது. ஆனால் வளையமும் முகத்தின் மேலிருந்த கிறுக்கலும் ஒரே கோடு அல்லவா? இரண்டுக்கும் சேர்த்தே அது விழுந்தது. திரையில் ஆரஞ்சு கெட்டியாகத்தான் தெரிந்தது. அலுவலகப் பிரின்டரில் எடுத்த மாதிரியிலும் கெட்டியாகத்தான் இருந்தது. அதற்கு அந்தத் தனி மையின் குணம் எங்கே தெரியும்? முகம் மறைந்துவிட்டது என்று எல்லோரும் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அட்டை அச்சுக்குப் போகும் நாளன்று மதியத்துக்குள் அந்தப் பெண் மூன்று முறை போன் செய்துவிட்டாள். "தெரியாதுல்லக்கா?" ஒவ்வொரு முறையும் அக்கா, "தெரியாதும்மா, எத்தனை வாட்டி சொல்றது?" என்றாள். மூன்றாம் முறை கொஞ்சம் சலித்துக்கொள்ளவும் செய்தாள்.

மெஷின் ஓட ஆரம்பித்து வெகு நேரம் கழித்துத்தான் அவளால் கீழே இறங்க முடிந்தது. ஆரஞ்சை ஈரத்தோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. படியிலேயே மை வாசனை வந்தது. கையைத் தேய்த்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தாள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து இடுப்பளவு உயர்ந்திருந்தன. மேலே இருந்ததை ஃபோர்மேன் உருவி விளக்கடியில் விரித்தார்.

"பாருங்கக்கா. மிரட்டுது" என்றார்.

அக்கா பார்த்தாள். ஆரஞ்சு எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தழலுக்குள்ளிருந்து ஒரு முகம் அவளைப் பார்த்தது.

கண் இரண்டும் தெரிந்தன. கத்தித் திறந்த வாய் தெரிந்தது. மேலுதட்டு மச்சம்கூடத் தெரிந்தது. கண்ணாடி போன்ற மை அது; அடியிலிருந்த கறுப்பை மறைக்கவில்லை, தூக்கிக் காட்டிவிட்டது. அக்கா இன்னொரு தாளை உருவினாள். அதிலும் அதே கண்கள். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, முகம் முகமாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

"என்னக்கா?"

"மெஷின நிறுத்துங்கண்ணே!"

"ஆசிரியர் சொல்லாம எப்படிக்கா..." என்று ஃபோர்மேன் இழுப்பதற்குள் அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"மூஞ்சி தெரியுதேண்ணே! பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஃபோர்மேனின் முகம் சிவந்தது. "பாத்தேன். முதல் தாளிலேயே பாத்தேன். உங்க கிறுக்கல்ல எது தப்பு, எது வேணும்னு பண்ணதுன்னு எங்களுக்கு எப்படிக்கா தெரியும்? கேட்டா கடிச்சு வைப்பீங்க. அதான் வாய மூடிக்கிட்டு அடிச்சோம்."

அக்கா திருப்பிக் கத்தாததை அச்சகம் அன்றைக்குத்தான் பார்த்தது.

செய்தி மாடிக்குப் போய், ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படபடவென்று இறங்கி வந்தார். "லாரி வாசல்ல நிக்குது. என்ன கூத்து இது?"

அக்கா தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் அவர் முகத்திலிருந்து மெல்ல வடிந்துபோய், வேறு என்னவோ வந்தது.

"இது... நீ வேணும்னு பண்ணலையா?"

"சார்!"

"இல்லம்மா, நெருப்புக்குள்ளேர்ந்து பாக்கற மாதிரியே... இத்தனை வருஷத்துல நீ இப்படி ஒண்ணு பண்ணதே இல்ல."

அது உண்மை. அக்காவுக்கும் தெரியும், பார்த்த அந்த நொடியிலேயே தெரியும். அந்தப் பயத்துக்கு அடியில், ஒரு மூலையில் ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம் துள்ளியது. இதைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கக் கிறுக்கிக் கிறுக்கித் தேடிக்கொண்டிருந்தாள். அது இப்படி, இந்த மாதிரியா வந்து நிற்க வேண்டும்!

ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணும் வாயும்தான் தெரியுது. அதுவும் ஆரஞ்சுக்குள்ள. யாரு உத்துப் பாக்கப் போறாங்க?"

"உத்துப் பாக்கணும்னுதானே சார் நாம அட்டையே போடறோம்?" அக்காவின் குரல் உடைந்தது. "அவ மேனேஜர் உத்துப் பாப்பான். அவனுக்கு வேற என்ன வேலை? நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன் சார் அவகிட்ட. என்னை நம்பித்தான் துப்பட்டாவ எடுத்தா."

வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், கடைசியாக அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாளைக் குப்புறக் கவிழ்த்தார்.

"என்ன செய்யணும்?" என்று ஃபோர்மேனைக் கேட்டார்.

"படம் கறுப்புல மட்டும்தான் சார் இருக்கு. அந்தக் கறுப்பு மைக்கான அச்சுத் தகடு ஒண்ணு மாத்தினாப் போதும். ஆனா அடிச்சதெல்லாம் குப்பை."

"குப்பைன்னா குப்பை. லாரிய நிக்கச் சொல்லுங்க. நீ மேல போம்மா, சீக்கிரம்."

அக்கா படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தொடவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த படத்தைத் திறந்தாள். முடி, நெற்றி, கண், மச்சம். கிறுக்கலின் ஓரம் எதுவோ அதுவரைக்கும் ஒரு மயிரிழைகூட மிஞ்சாமல் அழிக்க வேண்டும். அது இடது கையால் ஆகிற காரியமில்லை. வலது கையால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நாக்கைக் கடித்துக்கொண்டு, சுத்தமாக அழித்தாள். கண்களை அழிக்கும்போது மட்டும் ஒரு தரம் கை நின்றது. பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

புதுத் தகடு ஏறியது. மெஷின் மறுபடி உருண்டது. முதல் தாளை அக்காவே உருவி விளக்கடியில் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள், தூக்கிப் பிடித்துப் பின்பக்க வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் இருந்த இடத்தில் வெறும் ஆரஞ்சு. வேறு ஒன்றுமில்லை. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

"நல்லாத்தான்க்கா இருக்கு" என்றார் ஃபோர்மேன், சமாதானமாக.

"இருக்குண்ணே" என்றாள் அக்கா. சரியாக இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. "இனிமே எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க. கத்தினா திருப்பிக் கத்துங்க."

"அது எங்களால முடியுமா?" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குப்பையான தாள்களை வெட்டும் மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா கூடவே போய் நின்றாள். கத்தி இறங்க இறங்க முகங்கள் நாடா நாடாவாகச் சரிந்தன. ஒரு கண்ணும் ஒரு மூக்கும் சேர்ந்தாற்போல் எங்கேயும் மிஞ்சவில்லை என்று கிளறிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். சாக்கில் கட்டி வாயை இறுக்கும் வரை நகரவில்லை.

ஆனால் ஒரு தாள் அந்தச் சாக்கில் இல்லை. கட்டு கட்டாகத் தூக்கிக்கொண்டு போகும்போதே, யாரும் பார்க்காத நேரத்தில் அக்கா ஒன்றை உருவிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டுவிட்டாள். விற்கவா போகிறாள்? ஊருக்குக் காட்டவா போகிறாள்? வீட்டில் பீரோவின் அடியில், துணிகளுக்குக் கீழே கிடக்கும். எப்போதாவது ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பாள். அவ்வளவுதானே. அதில் யாருக்கு என்ன போய்விடும் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டே கை கழுவப் போனாள்.

மெஷின் ஆட்கள் கை கழுவுகிற தொட்டி ஹாலுக்கு வெளியே, நடையில் இருந்தது. பக்கத்தில் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயும், ஊறிய பஞ்சுக் கழிவும். சோப்பைத் தொட்டிருப்பாள், போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. பிரஸ்ஸுக்குப் போயிடுச்சாக்கா? எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு. சோறு இறங்கலக்கா எங்களுக்கு." பின்னால் குழந்தை ஒன்று எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது. "எங்கயும் தெரியாதுல்லக்கா? ஒண்ணுலகூட?"

தெரியாதும்மா என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். தோளில் தொங்கிய பையிலிருந்து சுருளின் ஓரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒரு நிமிஷம் இரும்மா, வச்சுடாத."

போனைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். சுருளை எடுத்து ஈரச் சுவரில் வைத்து விரித்தாள். டப்பாவுக்குள் கையை விட்டு, மண்ணெண்ணெய் சொட்டச் சொட்டப் பஞ்சைப் பிடுங்கி, அந்த முகத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள். காயாத மை இளகியது. ஆரஞ்சும் கறுப்பும் ஒன்றாகக் குழைந்து அவள் முழங்கை வரை வழிந்தன. கண் போயிற்று, வாய் போயிற்று. தாள் நைந்து ஓட்டை விழுந்து, அடியில் இருந்த சுவர் தெரியும்வரை அவள் நிறுத்தவில்லை. பிறகு அந்தக் கையாலேயே போனை எடுத்தாள்.

"தெரியாதும்மா" என்றாள். "ஒண்ணுலகூட."